உயிரோடு சுமக்க நான்கு பேர்

(உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. இறைவார்த்தை: மாற்கு 2:1-12, லூக்கா 10:30-37)

 

பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-ஆம் ஆண்டு இந்த நாளை உலக நோயாளர் நாளாக அறிவித்தார். 1993 முதல் உலகமெங்கும் திருச்சபை இதைக் கடைப்பிடித்து வருகிறது. நோயாளர் என்றதும் நமக்கு மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். ஆனால் இன்று நான் பேச விரும்புவது மருத்துவமனையில் இருப்பவர்களைப் பற்றி அல்ல. மருத்துவமனை திருப்பி அனுப்பியவர்களைப் பற்றி. பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், புற்றுநோய் முற்றியவர்கள், நினைவு தப்பிய முதியவர்கள், பிறவியிலிருந்தே எழுந்து நடக்க முடியாத பிள்ளைகள். இவர்களை அனுப்பும்போது மருத்துவர் ஒரு வார்த்தை சொல்வார்: "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்."

மாத்திரை எத்தனை வேளை என்பது சீட்டில் எழுதியிருக்கும். ஆனால் பார்த்துக்கொள்வது எப்படி என்பது எந்தச் சீட்டிலும் இருக்காது. எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படிச் சோறு ஊட்டுவது, இரவில் யார் விழித்திருப்பது? இந்தக் கேள்விகளோடுதான் ஆட்டோ வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்ற ஒருவரைப் பார்க்கிறோம். கப்பர்நாகூமில் இயேசு ஒரு வீட்டில் இருக்கிறார். வாசலில் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். நான்கு பேர் அந்த மனிதரைப் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். வழி கிடைக்காததால் கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவரை இறக்குகிறார்கள். அந்த நால்வரின் பெயரை மாற்கு சொல்லவில்லை. மகன்களா, அண்டை வீட்டாரா என்பதும் தெரியாது. ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறார்: இயேசு பார்த்தது அவர்களுடைய நம்பிக்கையை. ஒருவருடைய நம்பிக்கையை அல்ல, அவர்களுடைய நம்பிக்கையை.

நம் ஊரிலும் நான்கு பேர் என்ற பேச்சு உண்டு. "போகும்போது தூக்க நாலு பேர் வேண்டாமா?" என்போம். அந்த நாலு பேருக்கு நம் ஊரில் என்றும் பஞ்சம் வந்ததில்லை. சாவு வீடு என்றால் பகையை மறந்து வருவார்கள். வேலைக்கு விடுப்புப் போட்டு வருவார்கள். பெட்டியைத் தோளில் ஏற்றப் போட்டி போடுவார்கள். அது நம் மக்களின் நல்ல குணம். ஆனால் அந்த மனிதர் அதற்கு முன் மூன்று ஆண்டுகள் படுக்கையில் கிடந்தாரே, அப்போது அவரைத் தூக்கியது எத்தனை பேர்? பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒருவர். அதுவும் ஒரு பெண்: மனைவி, மகள், அல்லது மருமகள்.

அன்பார்ந்தவர்களே, நான்கு பேர் சுமக்க வேண்டியதை ஒருவர் சுமந்தால் என்ன ஆகும்? சுமக்கிறவர் ஒடிந்துபோவார், சுமக்கப்படுகிறவர் கீழே விழுவார். எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் இதுதான் நடக்கும். நம் உத்திரமேரூர்ப் பக்கம் இன்றைய நிலைமையைப் பாருங்கள். விடியற்காலையிலேயே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளின் பேருந்துகள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ வீட்டுப் பெண்கள் போகிறார்கள். படுக்கையில் இருப்பவர் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். வேறு வழியில்லை. கல் நெஞ்சத்தால் போகவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே என்று போகிறார்கள்.

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் வீடுகளில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். அன்பில்லாத வீடுகள் குறைவு. ஆனால் அன்பு இருந்தும், முறை தெரியாமல் கெடுதல் நடக்கும் வீடுகள் நிறைய.

மல்லாந்து படுத்தவர் அப்படியே கிடந்தால் முதுகின் அடிப்பகுதியிலும், இடுப்பிலும், குதிகாலிலும் தோல் சிவக்கும். அந்தச் சிவப்பை விரலால் அழுத்திவிட்டு எடுத்தும் நிறம் மாறாவிட்டால், படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் பெரும்பாலும் அதைத் தடுக்கலாம். தடுக்காவிட்டால் எலும்பு தெரியும் அளவுக்குக் குழி விழும்.

படுத்த நிலையிலேயே கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பிறகு சளி, காய்ச்சல், மூச்சுத் திணறல். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் அப்படியே உட்கார வைத்திருக்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கும், நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவருக்கும் சூடு தெரியாமல் போகலாம். குளிப்பாட்டும் முன் வெந்நீரை நம் கையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும்; தூக்கும்போது பையை வயிற்றின் மேல் வைக்கக் கூடாது. குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத ஒரு விரிப்பு, இரவில் ஒரு சிறு விளக்கு. இவ்வளவு போதும், பல இடுப்பு எலும்புகள் முறியாமல் காப்பாற்ற.

'மறையுரையில் இதெல்லாம் எதற்கு?' என்று சிலர் நினைக்கலாம். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார், இடுப்பில் துண்டு கட்டினார், துடைத்தும் விட்டார். யோவான் அந்தத் தண்ணீரையும் துண்டையும் விட்டுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். உடலைத் தொடுகிற அன்புக்கு முறை வேண்டும். முறையில்லாத அன்பு புண்ணை உண்டாக்கும்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

தென்மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர்ப் பக்கம், தலைக்கூத்தல் என்ற ஒரு கொடிய வழக்கம் இருந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010-ஆம் ஆண்டு வாக்கில் செய்தித்தாள்களில் அது பெரிதாக வெளிவந்தது. பின்னர் 'பாரம்' என்ற திரைப்படமும் அதைப் பற்றி வந்தது, தேசிய விருதும் பெற்றது. படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அந்தக் குளியலாலேயே சாகவிடுவது. எண்ணிப் பாருங்கள்: பிறந்த குழந்தைக்குத் தாய் செய்கிற முதல் பணிவிடை எண்ணெய்க் குளியல். அதையே கொலைக் கருவியாக்கிவிட்டார்கள். செய்தவர்கள் வெளியார் அல்லர், வீட்டார். ஊருக்கும் தெரியும், ஆனால் ஊர் கேட்கவில்லை.

"நம் பக்கம் அப்படியெல்லாம் இல்லை, சாமி" என்பீர்கள். சரி. ஆனால் அதன் தூரத்து உறவு ஒன்று நம் வீடுகளிலும் நுழைந்திருக்கிறது. "தண்ணி குடுத்தா அடிக்கடி துணி மாத்தணும், அதனால கொஞ்சமாத்தான் குடுக்கிறோம்" என்ற பேச்சை நான் ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை. மாலைக்கு மேல் சாப்பாடு கிடையாது, ஏனென்றால் இரவில் யார் சுத்தம் செய்வது? நாக்கு வறண்டு, உதடு வெடித்து, கண் உள்ளே போன முகங்கள். கொல்ல வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் தாகம் தாகம்தான். சிலுவையில் தொங்கிய ஆண்டவரே தாகம் என்று வாய்விட்டுச் சொன்னார். அந்தக் குரலைத் தவக்காலத்தில் ஆலயத்தில் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம். உள்ளறையிலிருந்து வரும் அதே குரலுக்கு நாம் என்ன செய்கிறோம்?

அதற்காக அந்த மருமகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவள் ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கியதில்லை. ஒரு திருமணத்துக்குப் போனதில்லை. ஞாயிறு திருப்பலிக்குக்கூட அவளால் வர முடிவதில்லை. அவள் மாமியாரின் உடம்பைத் துடைக்கும்போது மூன்று மகன்கள் எங்கே இருந்தார்கள்? தேர்த் திருவிழாவில் உபயதாரர் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக் கழிப்பவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வாசியுங்கள். பங்குத்தந்தையாக நானே சொல்கிறேன்: அம்மாவுக்குக் காற்றுப் படுக்கை வாங்காமல் ஆலயத்துக்கு விளக்கு வாங்கித் தர வேண்டாம். அந்த விளக்கில் எனக்கு வெளிச்சம் தெரியாது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், பணம் கொடுத்து ஆள் வைப்பவர்கள், உங்களுக்கும் நற்செய்தியில் வழி இருக்கிறது. நல்ல சமாரியர் அடிபட்டவரைச் சாவடியில் சேர்த்தார். இரண்டு தெனாரியம் கொடுத்தார். அத்தோடு அவர் கடமை முடிந்ததா? இல்லை. கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். அந்தத் 'திரும்பி வரும்போது' என்பதைக் கவனியுங்கள். பணம் கொடுத்தார், பார்க்க வருவதாகவும் சொன்னார். கவனிக்க ஆள் வைப்பவர்கள் அந்த ஆள் யார், எந்த ஊர், இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார் என்று விசாரியுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் வந்து நில்லுங்கள். தொலைபேசியில் அம்மாவிடம் பேசும்போது அந்த ஆளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தனியாகப் பேசுங்கள்.

கவனிக்க வரும் அந்தப் பெண்ணும் ஒரு மனிதப் பிறவிதான். அவளுக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, வார விடுமுறை, தாழ்ப்பாள் உள்ள அறை, ஒழுங்கான கூலி வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் ஒருத்தியை உழைக்க வைத்துவிட்டு, அவள் பொறுமையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநீதி. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென 2007-இலேயே நலவாரியம் அமைக்கப்பட்டது. அதில் அவள் பதிவு செய்துகொள்ள உதவுங்கள்.

அன்பார்ந்தவர்களே, அரசும் இன்று நம் வாசல் வரை வருகிறது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்களே, அந்தத் திட்டம்தான். மாத்திரையோடு அது முடிந்துவிடவில்லை. படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சை தர செவிலியரும், இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. இது தெரியாமலே பல வீடுகளில் படுக்கைப் புண்ணில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். அல்லது 104-ஐ அழையுங்கள். செவிலியர் வரும்போது வெட்கப்பட்டுப் புண்ணை மூடி மறைக்காதீர்கள். எப்படிக் கட்டுப் போடுவது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் சிலர் வலி தணிக்கும் ஒரு சிறிய சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவர்களால் மட்டும் இது ஆகாது என்று கண்டு, அக்கம்பக்கத்து மக்களையே பழக்கினார்கள். ஆசிரியர்களும், கடைக்காரர்களும், மாணவர்களும், இல்லத்தரசிகளும் வாரத்தில் சில மணி நேரம் கொடுத்தார்கள். 2008-இல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. கோவில், பள்ளிவாசல், ஆலயம் என்ற வேறுபாடு இல்லாமல் அங்கே நான்கு பேர் கிடைத்தார்கள். நமக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நம்மிடம் அன்பியங்கள் இருக்கின்றன. மாதந்தோறும் கூடிச் செபிக்கிறோம். ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லைக்குள் படுக்கையில் இருப்பவர் யார் என்று பார்க்கட்டும். கிறிஸ்தவரா, இந்துவா, இசுலாமியரா என்று பார்க்க வேண்டாம். ஒரு வீட்டுக்கு நான்கு பேர் பொறுப்பேற்கட்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்த மருமகளை வெளியே அனுப்பட்டும். அவள் தூங்கட்டும், சந்தைக்குப் போகட்டும், திருப்பலிக்கு வரட்டும். அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் பக்கத்தில் இருங்கள், தண்ணீர் கொடுங்கள், பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

ஆனால் சில ஒழுங்குகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். இயேசு சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார். நாமும் இருவராகவே போக வேண்டும், தனியாக அல்ல. பெண்களின் உடலைத் துடைக்கும் பணியைப் பெண்களே செய்ய வேண்டும். தொடும் முன் "தொடலாமா பாட்டி?" என்று கேட்க வேண்டும், பேச முடியாதவராக இருந்தாலும் கேட்க வேண்டும். உடம்பைத் திறக்கும்போது கதவையோ திரையையோ மூட வேண்டும். படம் எடுக்கவே கூடாது. வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. பணம், நகை, பத்திரம், கைநாட்டு, ஓய்வூதியம் இவற்றின் பக்கமே போகக் கூடாது. போன நாளையும் பார்த்ததையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். காயம், தழும்பு, பயம் எது தெரிந்தாலும் மூடி மறைக்காமல் செவிலியரிடமோ பங்குப் பேரவையிடமோ சொல்ல வேண்டும். இந்த ஒழுங்குகள் எல்லாருக்கும் பொருந்தும், பங்குத்தந்தைக்கும் பொருந்தும்.

'நோட்டு எதற்கு, கணக்கு எதற்கு, நாம் நல்லவர்கள்தானே?' என்று கேட்கலாம். நம் ஊர்க் கோயில் சுவரே அதற்குப் பதில் சொல்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. குடவோலை முறையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ நம் ஊருக்கு வருகிறார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வரக் கூடாது; அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஏரித் தண்ணீருக்கும் பொன்னுக்கும் கணக்குக் கேட்ட ஊர் இது. ஏரியையும் பொன்னையும்விட மதிப்புள்ளது கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட உடல். அது ஒரு மூலையறையில் கிடக்கும்போது, அதற்குக் கணக்குக் கேட்க ஒருவரும் இல்லை என்றால் அது நம் ஊருக்கு அவமானம். மறுபடியும் சொல்கிறேன்: சந்தேகத்தால் அல்ல, அந்த உடலின் மதிப்பால் கணக்குக் கேட்கிறோம்.

வானொலியில் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் படுக்கையிலேயே இருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களோடும் ஒரு வார்த்தை. நீங்கள் பாரம் அல்ல. தாகம் எடுத்தால் கேளுங்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். யாராவது அடித்தால், பட்டினி போட்டால், மிரட்டிக் கையெழுத்து வாங்கினால், அதைப் பொறுத்துக்கொள்வது புண்ணியம் என்று நினைக்க வேண்டாம். முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது. 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பராமரிக்க மறுக்கும் பிள்ளைகள்மீது வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். கவனித்துக்கொள்வதாக எழுதி வாங்கிய சொத்தைக்கூடத் திரும்பப் பெற அந்தச் சட்டத்தில் இடமுண்டு. பார்க்க வருகிற குருவிடமோ சகோதரியிடமோ மெல்லச் சொன்னாலும் போதும்.

உலக நோயாளர் நாளைத் தந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் இறுதியில் நோயாளியானார். நடுங்கும் கைகளையும் தடுமாறும் பேச்சையும் அவர் உலகத்திடமிருந்து மறைக்கவில்லை. 2005 ஏப்ரல் 2 அன்று மருத்துவமனையில் அல்ல, தம் அறையிலேயே உயிர் துறந்தார். ஆனால் அவர் தனியாக இல்லை. மருத்துவர்களும், துறவறச் சகோதரிகளும், நண்பர்களும் சுற்றி இருந்தார்கள். வீட்டில் இருந்தபடியே நல்ல கவனிப்போடு வாழ்வதும் விடைபெறுவதும் திருத்தந்தைக்கு மட்டும் உரியதா? நம் தெருக்கோடியில் ஓட்டு வீட்டில் படுத்திருக்கும் பாட்டிக்கும் அது உரியதே.

கப்பர்நாகூமில் அந்த மனிதரைக் குணமாக்கிய பிறகு இயேசு அவரை எங்கே அனுப்பினார்? அவருடைய வீட்டுக்குத்தான். மருத்துவமனையும் நம்மவர்களை வீட்டுக்குத்தான் அனுப்புகிறது. அந்த வீடு புண்ணும் தாகமும் பயமும் உள்ள இடமாக இருக்குமா, ஆறுதல் தரும் இடமாக இருக்குமா என்பது, கதவைத் தட்டி உள்ளே வரப்போகும் நான்கு பேரின் கையில் இருக்கிறது. இந்த வாரம் முடிவதற்குள் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டுங்கள்.

செபிப்போம். இரக்கமுள்ள தந்தையே, படுக்கையில் இருக்கும் உம் பிள்ளைகளைக் கண்ணோக்கியருளும். அவர்களைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, இரவெல்லாம் விழித்திருக்கும் கைகளுக்குப் பலமும் ஓய்வும் தாரும். அந்தக் கைகளோடு எங்கள் கைகளையும் சேர்த்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.